சிறை மீண்டோர் இயக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறைத்தண்டனை முடித்து வெளியே வந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் உரிமைகளுக்காகத் தாங்களே முன்னின்று நடத்திவரும் அமைப்புகளையும் பரப்புரைகளையும் வழக்குகளையும் சேர்த்துச் சிறை மீண்டோர் இயக்கம் எனலாம். இதற்கு ஒரே தலைமை இல்லை. ஒரே கொடியும் இல்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஒன்று, நியூ ஆர்லியன்ஸில் ஒன்று, ஃபுளோரிடாவில் ஒன்று என்று தனித்தனியே முளைத்த அமைப்புகள் பல 2011இல் அலபாமாவில் கூடி நாடு தழுவிய வலையமைப்பாகக் கைகோத்தன.

சிறைச் சீர்திருத்தம் பேசிய பாதிரியார்களும் வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. கம்பிக்கு உள்ளே இருந்தவரும், அவரைப் பார்க்க மணிக்கணக்காகப் பேருந்தில் போய்வந்த தாயும் பிறர் வாய்க்காகக் காத்திராமல் தாங்களே பேசத் தொடங்கியதுதான் இந்த இயக்கத்தின் தனித்தன்மை.

பின்னணி

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாநில, கூட்டரசுச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். 2009இல் அது 16 இலட்சத்தைத் தொட்டது. உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 23 இலட்சம். போதைப்பொருளுக்கு எதிரான கடுஞ்சட்டங்களும், மூன்றாம் முறை குற்றம் செய்தால் ஆயுள் என்பது போன்ற விதிகளும் இந்தப் பெருக்கத்துக்கு முக்கியக் காரணங்கள். கறுப்பினத்தவர் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகமாகச் சிறைப்பட்டனர். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, நாட்டின் வயதுவந்தோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரின் நெருங்கிய உறவில் ஒருவராவது ஓர் இரவேனும் சிறையில் கழித்தவர் என்று கண்டது.

தண்டனைக் காலம் முடிந்தாலும் தண்டனை முடிவதில்லை. பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் என்ற பதிவு வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் தொழில் உரிமத்துக்கும் குறுக்கே நிற்கும். பல மாநிலங்களில் வாக்குச்சீட்டுக்கும் நிற்கும்.

ஏழு வட்டாரங்களும் ஒரு கடிதமும்

இயக்கத்தின் அறிவுப் பின்புலம் பல்கலைக்கழகத்தில் தோன்றியதல்ல, சிறைக்குள்ளேயே தோன்றியது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியைச் சேர்ந்த எடி எல்லிஸ் நெடுங்காலம் நியூயார்க் மாநிலச் சிறைகளில் இருந்தவர். 1971இல் 43 உயிர்களைக் கொண்டுபோன அட்டிகா சிறைக் கிளர்ச்சியை நேரில் கண்டவர். கிரீன் ஹேவன் சிறையில் அவரும் உடனிருந்தவர்களும் படிப்பு வட்டம் ஒன்றை அமைத்து, மாநிலச் சிறைவாசிகள் எந்தெந்தப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். நான்கில் மூன்று பங்கினர் நியூயார்க் நகரின் வெறும் ஏழு வட்டாரங்களிலிருந்து வந்தவர்கள் என்பது தெரியவந்தது. அங்கே ஏழு வட்டாரங்கள், இங்கே மாநிலம் முழுக்கச் சிறைகள். இடையே ஓடும் பாதையைக் காட்டியவர்கள் அந்தப் பாதையில் கொண்டுவரப்பட்டவர்களே.

விடுதலையான எல்லிஸ், பின்னாளில் எழுதிய திறந்த மடல் ஒன்றில், கைதி, குற்றவாளி, முன்னாள் கைதி போன்ற சொற்களை விட்டுவிட்டுத் தங்களை மனிதர்கள் என்றே அழைக்குமாறு கேட்டுக்கொண்டார். இது வெறும் நாகரிகப் பேச்சல்ல. ‘சிறைக்குப் போய்வந்தவர்’ என்பது ஒருவர் வாழ்வில் நடந்ததைச் சொல்கிறது; ‘குற்றவாளி’ என்பது அவர் என்றென்றைக்கும் அதுவே என்று முத்திரை குத்துகிறது. தமிழில் எழுதும் நாமும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

தாய்மார்கள்

1992இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிள்ளைகளைச் சிறைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் சிலர் ‘நம் பிள்ளைகளை மீட்கும் தாய்மார்கள்’ என்ற பொருள்தரும் பெயரில் ஒன்றுகூடினர். பெரும்பாலோர் கறுப்பின உழைக்கும் பெண்கள். சட்டம் படிக்காதவர்கள், ஒருவர் மகனின் விசாரணைக்கு மற்றவர்கள் துணைக்குப் போய் நீதிமன்ற இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். குற்றப்பத்திரிகையைப் புரிந்துகொள்ளவும் அரசு தரும் வழக்கறிஞரிடம் கேள்வி கேட்கவும் ஒருவரிடம் ஒருவர் கற்றார்கள். புவியியலாளர் ரூத் வில்சன் கில்மோர் தம் ‘கோல்டன் குலாக்’ (2007) நூலில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

அதே நகரைச் சேர்ந்தவர் சூசன் பர்ட்டன். 1980களின் தொடக்கத்தில் அவருடைய 5 வயது மகன் காவல்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிய வண்டி மோதி இறந்துபோனான். துயரத்தில் போதைக்கு அடிமையாகி, பல முறை சிறைக்குப் போய்வந்தார். மீண்டெழுந்தபின், 1998இல் வாட்ஸ் பகுதியில் ஒரு வீட்டை வாங்கி, சிறையிலிருந்து வரும் பெண்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். அவர்களைக் கண்டுபிடிக்க அவர் எந்த அலுவலகத்தையும் நாடவில்லை. சிறையிலிருந்து பேருந்து வந்து நிற்கும் இடத்துக்கே போனார். கலிஃபோர்னியாவில் விடுதலையாகிறவர் கையில் அரசு தருவது அதிகபட்சம் 200 டாலர். அதை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் இறங்குகிற பெண்ணை வரவேற்க, தாமும் ஒருநாள் அப்படியே இறங்கிய ஒருவர் அங்கே நின்றார். ‘ஏ நியூ வே ஆஃப் லைஃப்’ என்ற அமைப்பு அங்கிருந்து வளர்ந்ததுதான்.

2013 ஜூலை 8 அன்று கலிஃபோர்னியச் சிறைகளில் ஏறத்தாழ 30,000 பேர் உணவை மறுத்தார்கள். பெலிகன் பே சிறையின் சன்னலில்லாத தனிக்கொட்டடிகளில் 500க்கும் மேற்பட்டோர் 10 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்ததை எதிர்த்த உண்ணாவிரதம் அது. உள்ளே இருந்தவர்களின் கோரிக்கையை வெளியே சட்டமன்றம்வரை கொண்டுசென்றதில் தாய்மாருக்கும் மனைவியருக்கும் சகோதரியருக்கும் பெரும் பங்குண்டு. காலவரையற்ற தனிச்சிறையை ஒழிக்க 2015இல் மாநில அரசு வழக்கில் உடன்பாட்டுக்கு வந்தது.

ஒரு சிறு கட்டம்

வேலை விண்ணப்பத்தில் பெயர், முகவரி, படிப்பு எல்லாம் எழுதியபின் ஒரு கேள்வி வரும்: நீங்கள் எப்போதாவது குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டதுண்டா? பக்கத்தில் ‘ஆம்’ என்று ஒரு கட்டம், ‘இல்லை’ என்று ஒரு கட்டம். ‘ஆம்’ கட்டத்தில் குறியிட்டால் விண்ணப்பம் பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும். ‘இல்லை’யில் இட்டால் பொய் சொன்னதற்காகப் பிற்பாடு வேலை பறிபோகும். பேனாவைக் கையில் பிடித்தபடி அந்த இடத்தில் நின்றுபோனவர்கள் எத்தனையோ பேர்.

2003இல் சமூகவியலாளர் தேவா பேஜர் வெளியிட்ட மில்வாக்கி ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. சமமான தகுதியுடைய இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பியதில், குற்றப்பதிவு இல்லாத வெள்ளையரில் 34 விழுக்காட்டினருக்கு மறு அழைப்பு வந்தது. பதிவு உள்ள வெள்ளையருக்கு 17. கறுப்பினத்தவரில் பதிவு இல்லாதவருக்கு 14, உள்ளவருக்கு 5.

அதே ஆண்டில் ஓக்லண்டைச் சேர்ந்த டோர்சி நன் உள்ளிட்ட சிறை மீண்டோர் ‘ஆல் ஆஃப் அஸ் ஆர் நன்’ அமைப்பைத் தொடங்கினர். எல்லாரும் மீள்வோம், இல்லையேல் ஒருவரும் இல்லை என்ற கருத்துடைய இப்பெயர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் கவிதையிலிருந்து எடுத்தது. 19 வயதில் ஆயுள்தண்டனை பெற்று 1981இல் பரோலில் வந்தவர் நன். விண்ணப்பத்திலிருந்து அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்பதே அமைப்பு முதலில் கையிலெடுத்த முழக்கம். ஹவாய் மாநிலம் 1998லேயே இப்படியொரு சட்டம் இயற்றியிருந்தாலும், அதை நாடறிந்த கோரிக்கையாக்கியவர்கள் இவர்களே. இன்று 35க்கும் மேற்பட்ட மாநிலங்கள் குறைந்தது அரசுப் பணிகளிலாவது இதை ஏற்றிருக்கின்றன. கூட்டரசுப் பணிகளுக்கான சட்டம் 2019 டிசம்பரில் வந்தது.

எதிர்பாராத விளைவொன்றும் இருந்தது. அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் ஆகியோர் நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். கட்டத்தை நீக்கிய நிறுவனங்களில் வெள்ளையர், கறுப்பினத்தவர் பெயர்களுக்கு வந்த மறு அழைப்பின் இடைவெளி 7 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாகக் கூடிவிட்டது. பதிவைப் பார்க்க முடியாத முதலாளி தோலின் நிறத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டார். இதைக் கோரிக்கையின் தோல்வியாக எடுத்துக்கொள்வது சரியல்ல. இனப்பாகுபாடு அந்தக் கட்டத்துக்குள் மட்டும் ஒளிந்திருக்கவில்லை என்பதற்கே அது சான்று.

ஃபுளோரிடாவின் வாக்குச்சீட்டு

இந்தியாவில் சிறையில் இருக்கும்வரை வாக்களிக்க முடியாது. வெளியே வந்துவிட்டால் வாக்குரிமை திரும்பிவிடும். ஃபுளோரிடாவில் 2018 வரை அப்படி இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை வந்த காலத்தில், 1868இல் எழுதப்பட்ட அம்மாநில அரசமைப்பு, பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவரின் வாக்கை வாழ்நாளுக்கும் பறித்தது. திரும்பப் பெற வேண்டுமானால் ஐந்து அல்லது ஏழு ஆண்டுகள் காத்திருந்து, ஆளுநர் தலைமையிலான கருணைக் குழுவிடம் மன்றாட வேண்டியிருந்தது.

சிறை மீண்டவரான டெஸ்மண்ட் மீட் 2005இல் வீடின்றி, வேலையின்றி மயாமியில் ஒரு தண்டவாளத்தின் அருகே உயிரை விடும் எண்ணத்தோடு நின்றவர். ரயில் வரவில்லை. தண்டவாளத்தைக் கடந்து நடந்து போதை மீட்பு மையமொன்றில் சேர்ந்தார். படித்து 2014இல் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனாலும் பழைய குற்றப்பதிவால் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய அப்போது வழியில்லை. 2016இல் அவருடைய மனைவி சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது, தம் மனைவிக்கே அவரால் வாக்களிக்க முடியவில்லை.

அவர் தலைமையேற்ற ‘ஃபுளோரிடா உரிமை மீட்புக் கூட்டணி’ அரசமைப்பைத் திருத்த மக்களிடமே போனது. தேவையான 7,66,200 கையெழுத்துகளும் சேர்ந்தன. கட்சிப் பெயரை எடுக்காமல், செய்த கடனை அடைத்தவருக்கு அடைத்ததாகவே கணக்கு வைக்க வேண்டும் என்ற ஒரே வாதத்தோடு போனதால் இரு கட்சியினரும் கையெழுத்திட்டார்கள். 2018 நவம்பர் 6 அன்று நான்காம் திருத்தம் 64.55 விழுக்காடு ஆதரவோடு நிறைவேறியது. 60 இருந்தாலே போதும். கொலை, பாலியல் பெருங்குற்றம் தவிர்த்த குற்றங்களில் தண்டனை முடித்த ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்கு அது கதவைத் திறந்தது.

எட்டே மாதத்தில் அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டது. அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாம் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகும் என்று மாநிலச் சட்டமன்றம் 2019இல் சட்டம் செய்தது. யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்ல ஒரு பொதுப் பதிவேடுகூட அரசிடம் இல்லை என்பது வழக்கு விசாரணையில் வெளிப்பட்டது. கட்டணம் பாக்கி என்று தெரியாமல் வாக்களித்தால் மறுபடியும் சிறை என்ற அச்சம். கீழ்நீதிமன்றம் இச்சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6க்கு 4 என்ற கணக்கில் அதை மாற்றியது. கூட்டணியினர் நன்கொடை திரட்டி, முகம் தெரியாதவர்களின் பாக்கியை அடைத்தார்கள். ஆனால் 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் வாக்களித்ததாக 20 பேர் மீது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையைக் கொடுத்ததே அரசுதான். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பிக் கொடுத்த உரிமையை இப்படிக் கட்டண ரசீதில் முடக்கியதை நியாயம் என்று ஏற்கவே முடியாது.

அதே 2018 நவம்பர் 6 அன்று லூசியானாவிலும் வாக்கெடுப்பில் ஒரு வெற்றி. 12 நடுவர்களில் 10 பேர் ஒப்பினாலே ஒருவரை ஆயுளுக்கும் சிறைக்கு அனுப்பலாம் என்ற வழக்கத்துக்கு, கறுப்பின நடுவர்களின் குரலைச் செல்லாக்காசாக்க 1898இல் கூடிய மாநில அரசமைப்பு மாநாடு போட்ட விதியே வேர். அதை ஒழிக்கும் பரப்புரையை வழிநடத்திய நாரிஸ் ஹெண்டர்சன், அம்மாநிலத்தின் அங்கோலா சிறையில் 27 ஆண்டுகள் இருந்தவர். எனினும் பழைய விதிப்படி ஏற்கெனவே தண்டனை பெற்று, மேல்முறையீடுகள் முடிந்துவிட்டவர்களுக்கு, நடுவர்கள் அனைவரும் ஒப்ப வேண்டும் என்ற விதி பொருந்தாது என்று 2022இல் மாநில உச்சநீதிமன்றம் கூறிவிட்டது.

தொலைபேசிக் கட்டணம்

வாஷிங்டன் டி.சி.யில் வாழ்ந்த பாட்டி மார்த்தா ரைட். பேரன் தொலைதூர மாநிலச் சிறைகளுக்கு மாற்றப்பட்டபின், அவனுடைய குரலைக் கேட்க இருந்த வழி தொலைபேசிதான். சிறைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. கட்டணத்தில் ஒரு பங்கு பல இடங்களில் சிறை நிர்வாகத்துக்கே திரும்பிப் போகும். கட்டுவது சிறைவாசி அல்ல, வீட்டார். மருந்துக்கும் அழைப்புக்கும் இடையே பணத்தைப் பங்குபோட வேண்டிய நிலையில் அவர் 2000இல் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையத்திடம் போகச் சொன்னது. 2003இல் மனு போனது. ஆணையம் முதல் உச்சவரம்பை விதித்தது 2013இல். இடையில் பத்து ஆண்டுகள். மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளுக்கும் ஆணையம் வரம்பு விதிக்க முயன்றபோது, நிறுவனங்கள் வழக்காடி அதைத் தடுத்தன. மார்த்தா ரைட் 2015இல் காலமானார்.

எல்லா அழைப்புகளையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தந்த சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். 2024 ஜூலையில் ஆணையம் சிறைகளில் நிமிடத்துக்கு 6 சென்ட் என்று வரம்பைக் குறைத்தது. 2025இல் அதன் நடைமுறையைத் தள்ளிவைத்தது. சில மாநிலங்கள் ஆணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. கனெக்டிகட் 2021இல் முதலாவதாகவும், பிறகு கலிஃபோர்னியா, மினசோட்டா, மாசசூசெட்ஸ் முதலியவையும் சட்டம் செய்ததால், அந்த மாநிலச் சிறைகளிலிருந்து வரும் அழைப்பை எடுக்க வீட்டார் இன்று காசு கட்ட வேண்டியதில்லை.