ஓப்பன்எல்டாப்: தரவுத்தளப் பின்தளத்தை அமைத்தல்

ஓப்பன்எல்டாப் என்னும் திறந்த மூல அடைவுச் சேவையகத்தில் எல்டாப் நெறிமுறையைப் பேசுவது ஸ்லாப்டி என்ற நிரல். பதிவுகளை வட்டில் எழுதிவைத்துத் தேடியெடுத்துத் தருவது அதன் பின்தளம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான சேவையகத்தின் மூலநிரலிலிருந்து 1998இல் இத்திட்டம் கிளைத்தது. நெடுங்காலம் அதன் முதன்மைப் பின்தளங்களான பிடிபியும் எச்டிபியும் பெர்க்லி டிபி நூலகத்தின் மேல் நின்றன. ஹோவர்ட் சூ எழுதிய எல்எம்டிபி நூலகமும் அதன்மீது அமைந்த எம்டிபி பின்தளமும் 2011இல் வந்தன. 2021இல் வெளியான 2.5 பதிப்பு பழைய இரண்டையும் நீக்கிவிட்டது. இந்த மாற்றத்தால் அமைப்பு வேலை எளிதாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சரிசெய்ய வேண்டிய அமைப்புகள் குறைந்தன, ஆனால் மிஞ்சியவை ஒவ்வொன்றும் வேகத்தை விடத் தரவின் பாதுகாப்போடும் வளர்ச்சியோடும் பிணைந்தவை. ஆகவே அவற்றை இயல்புநிலையில் விட்டுவிட்டு நகர்வது முன்பைவிட இப்போது ஆபத்தானது.

பழைய முறையில் பெர்க்லி டிபிக்கென ஒரு பக்கக் கேஷ், ஸ்லாப்டிக்குள் பதிவுகளுக்கென ஒன்று, இண்டெக்ஸ் பட்டியல்களுக்கென இன்னொன்று, இவற்றுக்குக் கீழே இயக்குதளத்தின் கேஷ் என்று ஒரே தரவு பல இடங்களில் தங்கியது. பூட்டுகளின் எண்ணிக்கையும் பரிவர்த்தனைப் பதிவேடுகளும் தனிக் கவனம் கேட்டன. எம்டிபி தரவுக்கோப்பை நினைவக முகவரிகளோடு நேரடியாகப் பிணைக்கிறது. தனக்கென்று கேஷ் எதையும் வைத்துக்கொள்வதில்லை. மாற்றப்படும் பக்கத்தைப் பழைய இடத்தில் திருத்தாமல் புதிய இடத்தில் எழுதி, இறுதியில் தலைப்புப் பக்கத்தை மாற்றுகிறது. அத்தகைய தலைப்புப் பக்கங்கள் இரண்டு உண்டு, மாறிமாறிப் பயன்படும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் முந்தைய முழு நிலை அப்படியே இருக்கிறது. தனி மீட்பு வேலை தேவையில்லை. படிப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, எழுதுபவரும் படிப்பவரைத் தடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம் என்பது இதன் விலை. இது எழுத்துச் சுமையைக் கட்டுப்படுத்தும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அடைவுச் சேவையகம் பெரும்பாலும் படிக்கப்படுவது. நுழைவுச் சரிபார்ப்பும் முகவரித் தேடலும் மாற்றங்களைவிடப் பன்மடங்கு நிகழும். எழுத்தே மிகுந்த தரவுக்கு அடைவைத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே முதல் கேள்வியாக வேண்டும்.

மிஞ்சிய அமைப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது தரவுத்தளத்தின் உச்ச அளவைக் குறிக்கும் மேக்ஸ்சைஸ். இதன் இயல்பு மதிப்பு 1,04,85,760 பைட், அதாவது 10 எம்பி. சோதனைக்கு இது போதும். உண்மைப் பயன்பாட்டில் விரைவில் நிரம்பிவிடும். நிரம்பினால் தேடல்கள் தொடர்ந்து நடக்க, புதிய மாற்றங்கள் மட்டும் மறுக்கப்படும் என்பதால் கோளாறு உடனே கண்ணில் படாமலும் போகலாம். பெரிய எண்ணைக் கொடுத்தால் நினைவகமும் வட்டும் வீணாகுமே என்ற தயக்கம் பலருக்கு உண்டு. இந்த எண் ஒதுக்கப்படும் முகவரிப் பரப்பின் உச்சவரம்பு மட்டுமே. 64 பிட் கணினியில் அப்பரப்புக்குப் பஞ்சமில்லை. சுமை மிகுந்த நேரத்தில் பின்னர் கூட்டுவது கடினம் என்பதால், எதிர்பார்க்கும் வளர்ச்சிக்கும் மேலாக முதலிலேயே கொடுத்துவிடுவது நல்லது. ரைட்மேப் கொடியை இயக்கினால் மட்டும் கோப்பு முழு அளவில், வெற்றிடங்களோடு உருவாகும்; வெற்றிடங்களை அறியாத நகலெடுப்புக் கருவி அவற்றையும் சேர்த்து எழுதித் தள்ளும்.

அடுத்தது டிபிநோசிங்க். ஒவ்வொரு பரிவர்த்தனையும் வட்டை அடைந்ததை உறுதிசெய்யும் வேலையை இது நிறுத்திவிடுகிறது. எழுத்து வேகம் வெகுவாகக் கூடும். நகல் சேவையகங்கள் இருக்கும்போது ஒன்று தடுமாறினால் என்ன என்று இதற்கு ஆதரவாக வாதிடுவர். ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில் இருக்கும் நகல்கள் சேர்ந்தே விழும். மேலும், ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன மாற்றத்தை மூலச் சேவையகமே இழந்தால், அதனிடமிருந்து பெற்றவை அதைவிட முன்னே நிற்கும். அந்த முரண்பாட்டைத் தீர்ப்பது மெதுவான எழுத்தைவிடப் பெரிய தொல்லை. எண்ணற்ற பதிவுகளை முதன்முறை ஏற்றும்போது இந்த விரைவு நியாயமானது. அதற்கு ஸ்லாப்ஆட் கருவியின் விரைவுப் பாங்கு இருக்கிறது, நிரந்தர அமைப்பைத் தொட வேண்டியதில்லை. நடுவழியாக நோமெட்டாசிங்க் உண்டு: விபத்தில் கடைசிப் பரிவர்த்தனை போகலாம், தரவுத்தளம் சிதையாது.

இண்டெக்ஸில்தான் உழைப்புக்கு நிறையப் பலன் கிடைக்கிறது. இண்டெக்ஸ் இல்லாத பண்பைத் தேடினால் தேடல் எல்லைக்குள் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நேரும். அதற்காக எல்லாப் பண்புகளுக்கும் எல்லா வகை இண்டெக்ஸும் போடுவது தீர்வாகாது. ஒவ்வொரு எழுத்தும் தான் மாற்றும் பண்புகளின் அத்தனை இண்டெக்ஸையும் புதுப்பிக்கும். சொற்பகுதித் தேடலுக்கான இண்டெக்ஸ் ஒரே மதிப்பைப் பல துண்டுகளாக்கிச் சேமிப்பதால் மிகவும் பருக்கும். ஓர் இண்டெக்ஸ் இடத்தில் இயல்பாக 65,536 பதிவெண்கள்வரைதான் கொள்ளும். மிஞ்சினால் பட்டியல் வெறும் தொடக்க–முடிவு வரம்பாகச் சுருங்கிவிடும். லட்சக்கணக்கான ஊழியர் பதிவுகளில் அனைவருக்கும் பொதுவான வகைப் பண்பைத் தேடினால் இண்டெக்ஸ் இருந்தும் பெரிதாகப் பயனில்லாமல் போவது இதனாலேயே. சேவையகப் பதிவேட்டில் ‘இண்டெக்ஸ் இல்லை’ என்று வரும் வரிகளைத் திரட்டி, உண்மையில் கேட்கப்படும் தேடல்களுக்கு மட்டும் இண்டெக்ஸ் போடுவதே சரியான வழி. நகலாக்கம் இருந்தால் என்ட்ரிசிஎஸ்என், என்ட்ரியூயூஐடி என்னும் இரு பண்புகளுக்கும் சமநிலை இண்டெக்ஸ் வேண்டும். இண்டெக்ஸை உருவாக்கும் ஸ்லாப்இண்டெக்ஸ் கருவியை இயக்குவதானால் சேவையகத்தை நிறுத்திவிட்டு, சேவையகம் இயங்கும் அதே பயனர் பெயரில் இயக்க வேண்டும். ரூட்டாக இயக்கினால் கோப்புகளின் உரிமை மாறி ஸ்லாப்டி தொடங்க மறுக்கக்கூடும்.

எம்டிபி கோப்பு வளரும், தானாகச் சுருங்காது. அழித்த பதிவுகளின் பக்கங்கள் மறுபயன்பாட்டுக்கு உள்ளேயே கிடக்கும். நீண்ட நேரம் திறந்திருக்கும் படிப்புப் பரிவர்த்தனை அந்த மறுபயன்பாட்டைத் தடுப்பதால், எழுத்து மிகுந்த வேளையில் கோப்பு வேகமாக ஊதும். ஒரே படிப்புப் பரிவர்த்தனையில் கையாளும் பதிவுகளை இயல்பாக 10,000 என்று வரம்பிடும் ஆர்டிஎக்ஸ்என்சைஸ் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. அதைப் பூஜ்யமாக்கினால் வரம்பே இல்லாமல் போகும். சுருங்கிய நகல் வேண்டுமென்றால், சேவையகம் ஓடும்போதே எம்டிபி_காப்பி கருவியைச் சுருக்கும் விருப்பத்தோடு இயக்கலாம். பழைய பின்தளத்திலிருந்து 2.5க்கு வருபவர்கள் பதிப்பை ஏற்றும் முன்பே பழைய ஸ்லாப்கேட் கொண்டு எல்டிஐஎஃப் உரையாகத் தரவை வெளியே எடுத்துவிட வேண்டும். புதிய ஸ்லாப்டியால் அந்தப் பழைய கோப்புகளைத் திறக்க முடியாது.