முட்டை வந்தபிறகு நம்பிய பறவை



லாச்சப்பலில் வருசப்பிறப்புச் சாமான் வாங்கித் திரும்பும்போது என்ர மகன் கேட்டான், "அப்பா, யானைப் பறவை எண்டு ஒண்டு உண்மையா இருந்ததே?" அடுத்த ஞாயிறு கார் து நோரில் 5ஆம் இலக்க மெத்ரோ ஏறி ஒஸ்தர்லிட்ஸில் இறங்கினோம். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா. அங்கே 1898இல் திறந்த எலும்புக்கூட்டுக் காட்சிசாலையின் மேல்மாடியில் நிற்கிறது, மடகாஸ்கர் தீவில் வாழ்ந்து அழிந்துபோன அந்தப் பறவை.

யானையளவு இல்லைத்தான். ஆனாலும் இந்த இனத்தில் பெரியவை 3 மீற்றர் உயரம், 500 கிலோவுக்கு மேல் நிறை. பறக்க முடியாது. முட்டை 30 சென்ரிமீற்றர் நீளம். ஏறக்குறைய 150 கோழிமுட்டை அதற்குள் அடங்கும். அதன் மிக நெருங்கிய உறவு நியூசிலாந்தின் சின்னக் கிவிப் பறவை என்று 2014இல் மரபணு ஆய்வு காட்டியது. மகன் இதை நம்பவேயில்லை!

என்னை யோசிக்க வைத்தது வேறொரு விடயம். 1648 முதல் 1655 வரை மடகாஸ்கரின் தென்கரையில் பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர் எத்தியென் து பிளாக்கூர். ஆள்நடமாட்டமில்லாத இடம்தேடி ஒளிக்கும், தீக்கோழி மாதிரி முட்டையிடும் ஒரு பெரும் பறவையைப் பற்றி அவர் எழுதினார். அங்குள்ள சனம் அதற்கு வைத்திருந்த பெயரையும் குறித்தார். அந்த நூல் 1658இல் இதே பாரிஸில் அச்சானது. ஆனால் அறிஞர்கள் அந்தப் பறவையை ஏற்றுக்கொள்ளவில்லை. 1850இல் அபாடி என்ற கப்பல் தலைவர், ஓட்டை போட்டுப் பாத்திரமாகப் பாவித்த ஒரு பெரிய முட்டையை அங்கே ஒருவரிடம் கண்டார். பிறகு முட்டைகளும் எலும்புத் துண்டுகளும் பாரிஸ் வந்து சேர்ந்தன. 1851இல் இசிதோர் ஜொஃப்ருவா சென் இலேர் அதற்கு ஏப்பியோர்னிஸ் என்று பெயர் வைத்தார். இடையில் 193 வருசம்! "சொன்னால் போதாது, அத்தாட்சி எங்கே?" என்ற கேள்வி எங்கட ஆக்களுக்குப் புதிதில்லைத்தானே.

இந்தப் பறவை அழிந்து ஏறக்குறைய 1000 வருசம் என்கிறார்கள். வேட்டையும், முட்டை எடுத்ததும், காடெரித்து மேய்ச்சல் நிலமாக்கியதும் சேர்ந்தே அதை அழித்திருக்க வேண்டும். அப்படியென்றால் பிளாக்கூர் கேட்டது பறவை இல்லாமல் போய் அறுநூறு வருசம் கடந்தும் வாய்வழியாக மிஞ்சியிருந்த கதையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அன்றிரவு மகன் ஊரிலுள்ள அம்மம்மாவுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னான். அவ சிரித்துப்போட்டுச் சொன்னா, "அந்த ஊர்க் கிழவியளிட்ட ஒருக்காப் போய்க் கேட்டிருந்தா, முதலே சொல்லியிருப்பாளவை, ராசா."