கிண்டியில் வரைந்த படம்

மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில், என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, புத்ரா பல்கலைக்கழகத்தில் பயிலும் என் தம்பி மகள், மடிக்கணினித் திரையில் ஒரு புரதத்தைச் சுழற்றிக் காட்டினாள். தூரத்தில் முறுக்கிய கயிறாகத் தெரிந்த அது, அவள் விரலசைவுக்கு இணங்கி அருகே வர வர, கண்ணி கண்ணியாகப் பிரிந்து, இறுதியில் தனித்தனி அணுக்களாக நின்றது. ஸ்தூலத்திலிருந்து சூட்சுமத்துக்கு ஒரே மூச்சில் இறங்கிவிட்டோம். திரையின் ஓரத்துச் சதுரமொன்றில் புள்ளிகள் மேகம்போல் திரண்டிருந்தன.

"இது ராமச்சந்திரன் படம், பெரியப்பா" என்றாள்.

அந்தப் பெயருக்குரிய ஜி.என். ராமச்சந்திரன், 1952இல் கிண்டியில் இருந்த சென்னை சர்வகலாசாலையின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தபோது முப்பதை எட்டும் பருவத்தினர். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொல்லாஜென் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று, சென்னைக்கு வந்த விஞ்ஞானி பெர்னால் சொல்லிச் சென்றது அவர் மனத்தில் தைத்தது. கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அது மூன்று சங்கிலிகள் பின்னிய முப்புரி என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் வெளியிட்டார்.

அந்த அமைப்பில் சில அணுக்கள் மிதமிஞ்சி நெருங்கிவிட்டன என்று மேனாட்டார் ஆட்சேபித்தனர். அப்படியானால் அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? இந்தக் கேள்வியை அவர் விடவில்லை. புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள இரண்டு திருகல் கோணங்களை மாற்றி மாற்றி வைத்து, எந்த நிலையில் அணுக்கள் மோதும், எந்த நிலையில் மோதாமல் விலகும் என்று, மேஜைக் கணக்கு இயந்திரத்தின் துணையோடு சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அவருடன் உழைத்துக் கணித்த பயனே 1963இல் வெளியான அந்தப் படம். பெரும் உருவத்தின் முறுக்கை அணுவளவில் நிகழும் திருகலே நிர்ணயிக்கிறது என்பதை ஒரு சிறு சதுரத்தில் பிரத்யட்சமாக்கிய அதை, நம்மவர் செய்த மகத்தான காரியங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் லெவிந்தால் என்ற விஞ்ஞானி, கைக்கருகே வைத்த ஓர் உருண்டையைத் திருப்பினால் திரையில் மூலக்கூறும் திரும்பும்படி ஒரு கணினியை அமைத்தார். அணுமுதல் புரதம்வரை பல அளவுகளை ஒரே கணக்கில் இணைத்த கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரன் 2001லேயே காலமாகிவிட்டார்.

நான் சொன்ன இவ்வளவையும் கேட்டபின், தம்பி மகள் ஒரு கோணத்தை வேண்டுமென்றே திருகினாள். சதுரத்தில் ஒரு புள்ளி மேகத்தை விட்டு வெற்றிடத்துக்கு நகர்ந்தது; திரை நடுவே இரண்டு அணுக்கள் ஒன்றனுள் ஒன்று புகுந்து நின்றன.