மருந்தளவும் தசமப் புள்ளியும்



பள்ளிக்கூடத்தில் கணக்குத் தவறினால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. நோயாளியின் படுக்கையருகே மருந்துடன் நிற்கும் செவிலியருக்குக் கணக்குத் தவறினால் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆதலின், மருந்தளவுக் கணக்கின் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கதாகும்.

1860 ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துச் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் முயற்சியால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப் பெற்றது. ஆங்கில நாட்டில் மருந்துக்கென நெடுங்காலம் வழங்கிய வாய்பாடு வேறு. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள். 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்ஸ். திரவ மருந்தாயின், 60 மினிம் ஒரு திரவ டிராம். டிராமின் குறியீடு ஏறக்குறைய 3 என்னும் எண்ணைப் போன்றது. அதன் தலையில் ஒரு கோடு கூடினால் அவுன்ஸ் ஆகிவிடும். அந்தக் கோட்டைப் பிறழக் கண்டால் மருந்து எட்டு மடங்காகும்!

1795 இல் பிரெஞ்சு நாடு மெட்ரிக் அளவைகளைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1956 இல் சட்டம் இயற்றப் பெற்று, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. மாறுதற் காலத்தில் பயின்றோர் இரு முறைகளையும் கற்க வேண்டியிருந்தது. ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம்.

பத்துப் பத்தாகப் பெருகும் அளவை எளிதுதான். ஆயின் எளிமையோடு புதியதோர் ஆபத்தும் வந்தது. புள்ளி ஓரிடம் தள்ளினால் பிழை பத்து மடங்காகும். ஆகவேதான் அரை மில்லிகிராமை 0.5 என முன்னே சுழியிட்டு எழுதுக என்றும், ஐந்து மில்லிகிராமை 5.0 என எழுதற்க என்றும் கற்பிக்கிறார்கள். புள்ளி மங்கினால் முன்னது 5 ஆகவும் பின்னது 50 ஆகவும் தோன்றும்.

கணக்கோ பழையது. 499 ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபடீயத்தில் கூறப்படும் திரைராசிகமே அது. மருத்துவர் 75 மில்லிகிராம் மருந்து தருமாறு எழுதியிருக்கிறார். குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் இருக்கிறது. 75 ஐ 50 ஆல் வகுத்தால் 1.5 மில்லிலிட்டர். வகுப்பதற்கு முன்னரே மனத்தால் மதிப்பிடுக: 75 என்பது 50 ஐ விட மிகுதி, 100 ஐ விடக் குறைவு, ஆகவே விடை ஒன்றுக்கு மேலும் இரண்டுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். 15 என்று வந்தால் அங்கேயே நிறுத்துக.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி செவிலியர் பயிற்சிக்குச் சென்றாள். விடுமுறையில் என்னைக் காண வந்தபோது, "ஐயா, வழிமுறை சரியாக இருந்து புள்ளி மட்டும் தவறினால் தாங்கள் பாதி மதிப்பெண் கொடுப்பீர்கள். அங்கே சுழிதான். நான் போட்ட கணக்கை இன்னொருவர் என் விடையைப் பாராமலே மீண்டும் போட்டுப் பார்த்த பிறகுதான் மருந்தைத் தொட விடுகிறார்கள்" என்றாள். முப்பது ஆண்டுகளாக நான் வாரி வழங்கிய பாதி மதிப்பெண்களை எண்ணி அன்று நாணினேன்.

மாணவர்களே, விடையைச் சரிபார்ப்பது அறிவுக் குறைவன்று. அந்த மருந்தை ஏற்கும் உயிர்பால் நாம் காட்டும் மதிப்பே அது.