காலேஜ் முடிச்சு ஃபேக்டரிக்குள்ள போறீங்களா? முதல் வருஷம் இப்படித்தான் இருக்கும்!

காலை 4.45 மணி. பூந்தமல்லி பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில், புது சேஃப்டி ஷூ கடித்த காலை மாற்றி மாற்றி வைத்தபடி ஒருத்தர் நிச்சயம் நிற்பார். கழுத்தில் பளபளன்னு ஐ.டி கார்டு. போன மாசம் வரைக்கும் ஃபைனல் இயர் மெக்கானிக்கல். இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில் டிரெய்னி இன்ஜினீயர். ஐ.டி-க்குப் போன நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏ.சி ஆபீஸ் போட்டோ போடும் நேரத்தில், இவர் கூலன்ட் வாசனையோடு ரூமுக்குத் திரும்புவார். 'நாலு வருஷம் படிச்சது இதுக்கா?' என்ற கேள்வி மூணாவது வாரம் வரும். வரலைன்னாதான் ஆச்சர்யம்.

அந்தக் கேள்விக்கு அவசரமா பதில் சொல்லி, மூணே மாசத்துல ரிசைன் பண்ணினவங்களை எனக்குத் தெரியும். மேனுஃபேக்சரிங் வேலை என்னன்னு பார்க்கிறதுக்கு முன்னாடியே அவங்க வெளியே வந்துட்டாங்க என்பதுதான் என் வருத்தம்.

முதல்ல ஆர்டரைப் படிங்க

கேம்பஸில் செலக்ட் ஆன சந்தோஷத்தில் பலரும் ஆர்டரை முழுசா படிக்கிறதே இல்லை. அதில் 'கிராஜுவேட் இன்ஜினீயர் டிரெய்னி' என்று இருக்கிறதா, 'கிராஜுவேட் அப்ரெண்டிஸ்' என்று இருக்கிறதா? ரெண்டும் வேற வேற. முதலாவது பெரும்பாலும் கம்பெனியின் சொந்த வேலை. பயிற்சிக் காலம் முடிந்தால் நிரந்தரம் ஆகிற வழி. இரண்டாவது, 1961-ம் வருட அப்ரெண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் ஒரு வருடப் பயிற்சி. சம்பளம் கிடையாது, ஸ்டைபண்ட்தான். 2019-ல் திருத்தப்பட்ட விதி, பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. பி.எஃப் பிடித்தம் இருக்காது. வருடம் முடிந்ததும் உங்களை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அதுக்காக அப்ரெண்டிஸ் வேண்டாம்னு சொல்லலை. முடிக்கிறப்போ அரசு தரும் சான்றிதழ் கிடைக்கும். தென் மாநிலங்களுக்கான அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஆனா, உங்க பெயர் நேட்ஸ் போர்ட்டலில் பதிவாகி இருக்கான்னு முதல் மாசமே பாருங்க. பதிவு இல்லைன்னா அந்த சான்றிதழுக்கு வழியில்லை. இன்னொண்ணு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கேட்டாலும் காட்டிட்டுத் திரும்ப வாங்கிக்கோங்க. 'ஃபைல்ல இருக்கட்டும் தம்பி' என்று சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் சரி. பாண்ட் இருந்தால், எத்தனை வருஷம், இடையில் போனா எவ்வளவு கட்டணும் என்ற ரெண்டு வரியைப் படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க.

சூடான ஜாப் சொன்ன பாடம்

புத்தகத்தில் டாலரன்ஸ் என்பது 2 மார்க் கேள்வி. ஷாப் ஃப்ளோரில் அது ஸ்கிராப் பின்னில் விழுகிற பணம்.

10 மி.மீ துளை, டிராயிங்கில் 'எச்7' என்று இருந்தால், அது 10.000-க்கும் 10.015-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதாவது 15 மைக்ரான் இடைவெளி. நம்ம தலைமுடியின் தடிமனே அதைவிடப் பல மடங்கு. நான் டிரெய்னியாக இருந்தபோது, ஓர் அலுமினிய ஜாப்பில் இதே மாதிரி துளை. மெஷின் பக்கத்தில் கேஜ் போட்டால் 'கோ' பக்கம் அழகா உள்ளே போகும். அதே ஜாப் இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்குப் போனா, 'துளை சின்னது' என்று ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். நான் ரெண்டு நாள் டூலை மாற்றினேன், ஸ்பீடை மாற்றினேன், எக்செலில் கிராஃப் எல்லாம் போட்டேன். கேஜ் மேலேயே சந்தேகப்பட்டேன்.

மெஷின் ஓட்டின அண்ணன் ஐ.டி.ஐ படிச்சவர், இருபது வருஷ சர்வீஸ். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "சார், ஜாப்பைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார்.

சுட்டது.

அலுமினியம் 1 மீட்டருக்கு, ஒரு டிகிரி ஏறினால் சுமார் 23 மைக்ரான் விரியும். 30 டிகிரி சூடு அதிகம் இருந்தால் 10 மி.மீ துளை கிட்டத்தட்ட 7 மைக்ரான் பெரிசாகும். மொத்த டாலரன்ஸில் பாதி! அளவுகளுக்கான சர்வதேசத் தரம் 20 டிகிரி செல்சியஸ் என்று செகண்ட் இயரில் நான் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதைக் கையால் தொட்டுப் பார்க்கத் தோணலை. அன்னிக்கு டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஆபரேட்டர்களை 'அண்ணே' என்று கூப்பிட்டு, அவங்க ஓட்டுறப்போ பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரிய வரும். 'நான் பி.இ' என்று தள்ளி நின்னா, உங்க டேபிளுக்கு வர்றது வெறும் ரிப்போர்ட் மட்டும்தான்.

4 விநாடிதான் வேலை

சரி, மேனுஃபேக்சரிங் இன்ஜினீயர் என்னதான் செய்வார்? ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு ஷிஃப்ட் 480 நிமிஷம். சாப்பாட்டுக்கு 30, ரெண்டு டீ பிரேக்குக்கு 20 போனால் மிச்சம் 430. கஸ்டமர் ஷிஃப்டுக்கு 860 பீஸ் கேட்கிறார் என்றால், 30 விநாடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும். இதுதான் 'டாக்ட் டைம்'. லைனில் ஒரே ஒரு ஸ்டேஷனில் 34 விநாடி ஆகுதுன்னு வைங்க. மொத்த லைனும் அந்த ஸ்டேஷனுக்காகக் காத்திருக்கும். ஷிஃப்டுக்கு 100 பீஸ் காலி.

அந்த 4 விநாடி எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலை. ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸுக்கும் பின்னாடி திரும்பி டிரேயில் இருந்து எடுக்கிறாரா? டிரேயை முன்னாடி கொண்டுவந்தால் போதுமா? ஃபிக்ஸ்ச்சரில் நாலு போல்ட் முடுக்குறதுக்குப் பதிலா ஒரு கிளாம்ப் போட முடியுமா? கிளாம்ப் போட்டால் ஜாப் வளையுமா? மாற்றினதை கன்ட்ரோல் பிளானிலும் பி.எஃப்.எம்.இ.ஏ-விலும் எழுதணும். ஆட்டோ துறையில் இந்தப் பேப்பர்களுக்கு ரொம்ப மதிப்பு. ஏ.பி.க்யூ.பி, பி.பி.ஏ.பி, எஃப்.எம்.இ.ஏ, எஸ்.பி.சி, எம்.எஸ்.ஏ என்ற அஞ்சும் தெரிந்தவருக்கு இன்டர்வியூவில் பாதி பாரம் குறைஞ்சிடும். கோர்ஸ் போய்ப் படிக்கலாம், தப்பில்லை. ஆனா உங்க லைனின் கன்ட்ரோல் பிளானை எடுத்து, ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு குவாலிட்டி ஆளிடம் கேட்கிறது இலவசம்.

பெரிய கம்பெனியா, சின்ன கம்பெனியா?

ஒரகடத்தில் பெரிய கார் பிளான்ட்டில் சேர்ந்தால் வீட்டில் பெருமை, பஸ், கேன்டீன் எல்லாம் உண்டு. ஆனா நீங்க பார்க்கிறது ஒரே ஒரு ஸ்டேஷனாக இருக்கலாம். கோவையில் பம்ப், மோட்டார், வார்ப்பட வேலை செய்யும் நடுத்தரக் கம்பெனிகளிலோ, ஓசூரில் பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் யூனிட்டிலோ, கொட்டேஷன் போடுறதுல இருந்து லாரியில் ஏத்துற வரைக்கும் உங்க தலையில் விழும். சம்பளம் குறைவு, சண்டை அதிகம். என்னைக் கேட்டா முதல் ரெண்டு வருஷத்துக்கு அதுதான் நல்ல இடம். வீட்டுக் கடன், தங்கச்சி படிப்புன்னு பொறுப்பு இருக்கிறவங்களுக்கு இந்த அட்வைஸ் பொருந்தாது; அவங்க சம்பளத்தைப் பார்க்கிறதுதான் சரி.

எங்கே சேர்ந்தாலும் ஒரு பாக்கெட் நோட்டு வெச்சுக்கோங்க. என்ன பிரச்னை, முன்னாடி எவ்வளவு, என்ன மாத்தினீங்க, அப்புறம் எவ்வளவு என்று எழுதுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த கம்பெனி இன்டர்வியூவில் உங்க பர்சன்டேஜைக் கேட்கிறதைவிட, 'சைக்கிள் டைம் எவ்வளவு குறைச்சீங்க, ரிஜெக்‌ஷன் எவ்வளவு குறைஞ்சது?' என்றுதான் அதிகம் கேட்பாங்க. அப்போ அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.

அப்புறம் அந்த சேஃப்டி ஷூ... கடிச்சா பேசாம பொறுத்துக்காதீங்க. ஸ்டோர்ஸில் சொன்னா வேற சைஸ் மாத்திக் கொடுப்பாங்க.