அஞ்சிரண்டு வண்ணமும் மிதக்கும் மணியும்: காவிரிப் படுகையில் புது அரிசியை ஏற்றதும் மறுத்ததும்

தஞ்சை அரிசியைப் பற்றி எழுதுகிறவர் யாரும் ஜே.சி. குமரப்பாவைத் தாண்டிச் செல்ல முடியாது. 1892இல் தஞ்சாவூரிலேயே பிறந்தவர். லண்டனில் தணிக்கை பயின்று, கொலம்பியாவில் பொருளியல் படித்து, 1934 டிசம்பரில் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் அமர்ந்தவர். ஆலை அரிசியைப் பற்றி அவர் முன்வைத்த வாதத்தை மூன்றாகப் பிரிக்கலாம். ஆலை, அரிசியிலிருந்து தவிட்டையும் அதனோடு சத்தையும் எடுத்துவிடுகிறது. நெல் குத்திப் பிழைத்தவர்களின் கூலியையும் பறிக்கிறது. உண்பவரோ வெள்ளை நிறத்தில் மயங்கி, பொருள் எந்த வழியில் தன் கைக்கு வந்தது என்று கேட்கும் கடமையை மறந்துவிடுகிறார்.

முதல் இரண்டில் எனக்கு மறுப்பில்லை. நெல் குத்தும் கூலியாகத் தவிடும் நொய்யும் பெற்றுவந்த பெண்களுக்கு ஆலை என்ன செய்தது என்பதைக் குமரப்பா அளவுக்கு உரக்கச் சொன்ன பொருளியலாளர் அக்காலத்தில் குறைவு. மூன்றாவதில்தான் சிக்கல். உண்பவரின் மனப்போக்கின் வரலாற்றை அவர் ஆலைக்கு முன், ஆலைக்குப் பின் என்று இரண்டாக வெட்டுகிறார். உரல் காலத்தில் சத்துள்ள அரிசியில் நிறைவு, எந்திரக் காலத்தில் வெள்ளை மோகம் என்பது அந்த வெட்டின் விளைவு. பின்வந்த இயற்கை உணவு இயக்கங்களும், அவற்றை எதிர்க்கும் உணவுத் தொழில்நுட்பத் துறையினரும்கூட, இந்தப் பிரிவினையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். காவிரிப் படுகையின் சான்றுகள் இதற்கு இடம் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சோழர் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு நெல் ஒதுக்கும் இடங்களில் ஒரு கணக்கு வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது: அஞ்சிரண்டு வண்ணம். ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி. நான்கு நாழி அரிசி வேண்டுமென்றால் பத்து நாழி நெல், அதாவது ஒரு குறுணி இரு நாழி, பண்டாரத்திலிருந்து அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் அமுதுக்குப் பழவரிசியைக் கேட்கின்றன. வரலாற்றாசிரியர்கள் இந்த வாய்பாட்டை விலைவாசிக் கணக்குக்குப் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்பவரின் சுவைக்குச் சான்றாக அதைப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதே என் கேள்வி.

நாழி முகத்தல் அளவை. அதனால் எடைக் கணக்கை நேரே பொருத்த முடியாது. ஒரு லிட்டர் நெல் ஏறத்தாழ 580 கிராம் நிற்கும், ஒரு லிட்டர் வெள்ளை அரிசி 800 கிராம் அளவில் நிற்கும். இன்றைய ஆலை நூறு கிலோ நெல்லிலிருந்து 67 கிலோ அரிசி எடுக்கிறது என்று வைத்தால், பத்துப் படி நெல்லுக்குக் கிட்டத்தட்ட ஐந்து படி வெள்ளை அரிசி வரும். உமி மட்டும் நீங்கி, தவிடு அப்படியே ஒட்டியிருக்கும் அரிசி என்றால் ஆறு படிக்கு நெருங்கும். கல்வெட்டு தருவது நான்கு. குமரப்பா குறை சொன்ன ஆலையைவிடவும் ஒரு படி குறைவு.

இதற்கு மூன்று எதிர்வாதங்கள் எழலாம். குறையும் பங்கு குத்துவோரின் கூலியாக இருக்கலாம். கல், பதர், நொய் ஆகியவற்றைப் புடைத்துக் கழித்த பின் எஞ்சுவதே கணக்காக இருக்கலாம். அல்லது இது அளந்து கண்ட விளைவே அல்லாமல், கணக்கர் கைக்கு எளிதாக வைத்துக்கொண்ட நிலையான விகிதமாக இருக்கலாம். இவற்றில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டால் என் வாதத்துக்குச் சேதமில்லை. ஒரு நாழி முழுவதும் கூலி என்றாலும் குத்திக் கிடைத்தது மொத்தம் ஐந்து, அதுவே இன்றைய ஆலை வெள்ளையின் அளவு. மூன்றையும் ஒருசேர ஒப்புக்கொண்டால் மட்டும், தவிடு நீங்காத அரிசியும் நான்கு நாழிக்கு இறங்கக்கூடும். அந்த வாய்ப்பை நான் மறுக்க முடியாது. ஆனால் அமுதுக்குப் பழவரிசி வேண்டும் என்று கல்லில் வெட்டிய கோயில், அரிசியின் நிறத்தில் மட்டும் கண்மூடி இருந்திருக்கும் என்று நம்புவது கடினம். பழக வைத்த அரிசி குழையாது, உலையில் கூடுதலாகப் பொங்கும். குதிரிலும் பத்தாயத்திலும் நெல்லைப் பழக வைப்பதும் ஒரு பதப்படுத்தும் நுட்பம்தான். உண்பவர் அதை அறிந்து, வேண்டிக் கேட்டிருக்கிறார்.

கோயில் அமுது உழவர் வீட்டுச் சோறல்ல என்பதும் உண்மை. குத்திக் கொடுத்தவருக்குக் கிடைத்தது தவிடும் நொய்யும் என்றால், வெள்ளை அரிசி மேல்தட்டின் அடையாளமாக இருந்தது. அதனாலேயே பிறரும் எட்ட நினைக்கும் பொருளாயிற்று என்று கொள்ளலாம். இந்த வாசிப்பில், ஆலை ஒரு புதிய ஆசையைப் பிறப்பிக்கவில்லை. பழைய ஆசையை மலிவாக்கிற்று. குமரப்பாவின் பிரசாரம் படுகையில் ஏன் பெரிதாக எடுபடவில்லை என்பதற்கும் இது விளக்கம் தருகிறது. தலைமுறைகளாகப் பிறர் இலையில் மட்டும் பார்த்த சோறு தன் இலைக்கு வந்த நேரத்தில், அதை விட்டுவிடு என்று அறிவுரை சொன்னால் யார் கேட்பார்?

இன்னொரு கோட்டையும் இங்கே வரைய வேண்டும். படுகைக்கு, குத்தியது எதிர் அரைத்தது என்பதைவிடப் பச்சை எதிர் புழுங்கல் என்பதே கனமான பிரிவு. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ஐக்ராய்டும் அவருடைய சகாக்களும் 1940இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவின் அரிசிச் சிக்கலை ஆராய்ந்தபோது இதைத் தெளிவாக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் ஆலையில் தீட்டிய பிறகும் புழுங்கல் அரிசியில் அதில் பெரும்பங்கு நிற்கிறது. பெரிபெரி நோய் ஆலைப் பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களைத் தாக்கி, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களைப் பெரும்பாலும் விட்டுவைத்ததற்குக் காரணம் இதுவே. புழுங்கல் உண்டவர் வைட்டமினை அறிந்து உண்ணவில்லை. அரைக்கும்போது உடையாது, பசி தாங்கும், பழைய சோற்றுக்கு ஏற்றது. இந்தக் காரணங்கள் போதுமாயிருந்தன. படுகையில் இப்பழக்கம் எந்த நூற்றாண்டில் வேரூன்றியது என்பதை உறுதியாகச் சொல்ல என் கையிலுள்ள சான்றுகள் உதவவில்லை. பெரிய கோயிலின் பழவரிசியைக் காட்டி முடிவு கட்டுவது தவறு, அமுதுக்குப் பச்சரிசி என்பது தனி மரபு.

உரல் தோற்ற ஆண்டும் அவ்வாறே தெளிவில்லாதது. எண்ணெய் எஞ்சினில் ஓடிய ஹல்லர் என்ற நெல் அரைக்கும் எந்திரங்கள் முதலில் வந்தன. மேட்டூர் மின் உற்பத்தி 1937இல் தொடங்கியபின் சிற்றூர்களுக்கும் அவை பரவ வழி பிறந்தது. கைக்குத்தல் தொழிலைக் காக்க, புது ஆலைகளுக்கு அனுமதி வேண்டும் என்ற அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 1958இல் வந்தது, 1997இல் நீக்கப்பட்டது. சட்டம் வந்த ஆண்டில் உரல் உயிரோடிருந்தது என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. இந்தியா முழுமைக்கும் எழுதப்பட்ட சட்டத்தை வைத்துக் கும்பகோணத்துக் கொல்லைப்புற உரலைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது என்பது என் கருத்து.

1960களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குள் வந்தது. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் குறுவை வயல்களை நிறைத்தது. ஐ.ஆர்.8 விளைச்சலைக் கூட்டியது, ஆனால் பருமனான அதன் அரிசி உண்பவருக்குப் பிடிக்கவில்லை. பின்னால் ஐ.ஆர்.20உம் பொன்னியும் பெற்ற வரவேற்பு, வயலின் தீர்ப்பும் உலையின் தீர்ப்பும் வேறுவேறு என்பதைக் காட்டியது. புது ரகம் என்பதற்காக யாரும் மறுக்கவில்லை. பொன்னியின் மூலமே மலேசியாவிலிருந்து வந்ததுதான்.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது திருவாரூரில் நடந்தது. 1967இல் அங்கே நவீன அரிசி ஆலை வளாகத்தில் தொடங்கிய சிறு ஆய்வகம், நெல் பதனீட்டு ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, தஞ்சாவூருக்கு இடம் மாறி, 2021 முதல் தேசிய நிலை உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக இருக்கிறது. பழைய முறையில் நெல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள். நெல் புளித்து நாறும். அந்த வாடை சோறு வரை வரும். மைசூர் உணவு ஆய்வகம் வகுத்த வெந்நீர் முறையில் 65 முதல் 70 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் வேலை முடியும், வாடையும் இராது. வெந்நீருக்குக் கொதிகலன் செலவு தாங்காத ஆலைகளுக்காக, ஊறும் தண்ணீரில் சிறிதளவு சோடியம் குரோமேட் கலந்து வாடையைத் தடுக்கும் முறையையும் திருவாரூர் மையம் முன்வைத்தது. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி இது. குரோமியச் சேர்மம் கலந்த நீரில் ஊறிய அரிசி என்று மூட்டையில் எழுதியிருந்தால் எந்த வீட்டில் அடுப்பேறியிருக்கும்? எழுதப்படவில்லை, அதனால் கேள்வியும் எழவில்லை. வாடையில்லாத புழுங்கலை மக்கள் விரும்பினார்கள் என்று இதை அறிக்கைகளில் ஏற்பாகக் காட்டலாம். அறியாமல் உண்டதை ஏற்பு என்று கணக்கில் சேர்க்க நான் தயங்குகிறேன்.

அறிந்து மறுத்ததற்குச் சான்று வேண்டுமென்றால் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பார்க்க வேண்டும். நடுவண் அரசின் சோதனைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தேர்ந்த மாவட்டம் திருச்சிராப்பள்ளி, படுகையின் தலைவாசல். 2024 மார்ச்சுக்குள் நாடெங்கும் நியாயவிலைக் கடை அரிசி முழுவதும் இவ்வகைக்கு மாற வேண்டும் என்பது இலக்காக இருந்தது. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, எந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்த மணிகளை, நூறுக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியில் கலக்கிறார்கள். ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். அந்த மணிகளில் சில, அரிசி களையும்போது மிதக்கும். நிறமும் சற்று மாறியிருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தி ஏற்கெனவே உலவிய நாட்டில், பெண்கள் முறத்தில் அவற்றைப் பொறுக்கி எறிந்ததில் வியப்பில்லை. சேர்த்த சத்து அப்படியே குப்பைக்குப் போயிற்று.

அதிகாரிகள் இதை அறியாமை என்றார்கள், விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். குமரப்பாவும் உண்பவரைக் கற்பிக்கப்பட வேண்டியவராகவே பார்த்தார் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். எதிரெதிர் முகாம்கள், நோக்கு ஒன்று. அரிசி களைந்து பார்க்கும் கையோ வேறு விதமாக வேலை செய்கிறது. கல் தனியே, பதர் தனியே, வண்டு தனியே பிரிப்பதுபோல், அரிசியின் இயல்பில் சேராதது எதுவோ அதைப் பிரிக்கிறது. பலசமயம் அது சரியான முடிவையே தந்திருக்கிறது. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை வாசகம் முதலில் கட்டாயமாக இருந்து, 2024இல் விதியிலிருந்து நீக்கப்பட்டது. மூட்டையில் எழுதியதைப் படித்து வாங்கும் வழி நியாயவிலைக் கடையில் நிற்பவருக்கு இல்லாதபோது, முறம் ஒன்றுதான் அவருக்கு எஞ்சும் கருவி.

இந்த வாதத்தின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே முறம் பிடிக்கும். கிடங்கில் வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு வைத்துப் புகைமூட்டிய அரிசி எந்தத் தடயமும் காட்டாமல் உலைக்குப் போகிறது, அதற்கு எதிர்ப்பு எழுந்ததில்லை. அதே வண்டுக்காகக் கதிர்வீச்சைப் பயன்படுத்தவும் இந்திய விதிகள் இடம் தருகின்றன, அரிசிக்கு 0.25 முதல் 1 கிலோகிரே வரை. இங்கே எதிர்ப்பு ஆய்வகத்திலிருந்தே புறப்பட்டது. கதிர்வீச்சு ஏற்றிய கோதுமையைச் சத்துக்குறைவுள்ள குழந்தைகளுக்குக் கொடுத்தபோது இரத்த அணுக்களில் குரோமோசோம் மாற்றம் கண்டதாக ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1975இல் வெளியிட, பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் மறுக்க, கேசவனும் சுகாத்மேயும் அடங்கிய குழு 1976இல் அம்முடிவுகளுக்கு வலுவில்லை என்றது. சர்ச்சை அத்தோடு ஓயவில்லை. கதிர் ஏற்றிய பொதியில் அதற்கான பச்சைக் குறி இருக்க வேண்டும் என்பது விதி. புகைமூட்டிய மூட்டைக்கு அப்படிப்பட்ட குறி எதுவும் கிடையாது. கதிர் ஏற்றிய அரிசி மன்னார்குடிச் சந்தைக்கு ஒருநாள் வந்தால், அதன் மேல் விழும் ஐயத்தில் எத்தனை பங்கு கதிருக்கு, எத்தனை பங்கு குறிக்கு என்பதைப் பிரித்துப் பார்க்க, இரண்டு வகை மூட்டைக்கும் குறியிட்டு ஒரே கடையில் பக்கத்துப் பக்கம் வைத்து விற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.