இலையும் பாயும்: பம்பாய்க்கு வந்த தமிழ் இளைஞர்களின் முதல் மாதங்கள்

அயலூருக்குப் படிக்கவோ வேலை தேடியோ சென்ற இளைஞர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் பெற்ற பட்டத்தையும் அடைந்த பதவியையும் கொண்டே எழுதப்படுகிறது. வந்த முதல் மாதத்தில் எங்கே உறங்கினார்கள், யார் சமைத்ததை உண்டார்கள், அறைக்கு யாருடைய அறிமுகம் தேவைப்பட்டது என்பன போன்ற செய்திகள் ஆவணங்களில் எளிதில் ஏறுவதில்லை. பம்பாய்த் தமிழரின் நூறாண்டுக் கதையை இந்தக் கேள்விகளின் வழியே படிக்கத் தொடங்கினால், மாட்டுங்காவும் தாராவியும் செம்பூரும் வழக்கமான இட்லி, ஃபில்டர் காபி நினைவேக்கத்திலிருந்து விலகி வேறு முகம் காட்டுகின்றன.

சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் 1871இல் ராய்ச்சூரில் இணைந்தன. தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலி இளைஞர்களுக்குப் பம்பாய் எட்டக்கூடிய ஊரானது அதன் பிறகுதான். ஆனால் அவர்களுக்கான பேட்டை அப்போது உருவாகியிருக்கவில்லை. 1896இன் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர் மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா நிலங்களை மனைகளாக்கியது. அங்கே எழுந்தவை பொதுக் கழிப்பறையைப் பகிரும் சால்கள் அல்ல. குளியலறையும் கழிப்பறையும் உள்ளேயே அமைந்த அடுக்ககங்கள். தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் இக்குடியிருப்புகளில் நிறைந்த கதையை நிகில் ராவ் தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கழிப்பறை வீட்டுக்குள் இருப்பதைத் தீட்டாகக் கருதிய மரபில் வளர்ந்தவர்கள், அது உள்ளே இருப்பதையே வீட்டின் சிறப்பாகக் கொள்ளத் தொடங்கியது சிறிய மாற்றமன்று. ஆசாரம் நகரத்துக்கேற்ப வளைந்துகொண்டது, மறைந்துவிடவில்லை.

மாணவர்களை இப்பகுதிக்கு ஈர்த்தவை கல்விநிலையங்கள். விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையம் 1923இல் பைகுல்லாவிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்தது. கால்சா, ருயா, போதார் கல்லூரிகள் 1937க்கும் 1941க்கும் இடையே தோன்றின. 1933இல் தொடங்கிய பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறை 1943இல் இங்கே குடிபெயர்ந்தது. அதன் முதல் இந்திய இயக்குநர் சென்னையில் பிறந்த சாய வேதியியலாளர் கே. வேங்கடராமன். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் உருவாகியிருந்தது. எனினும் வந்தவர்களில் பெரும்பகுதியினர் முழுநேர மாணவர்கள் அல்லர். பகலில் அலுவலகம், மாலையில் தட்டச்சும் பிட்மன் சுருக்கெழுத்தும் என்பதே பலரது கல்வி. மாணவன், குமாஸ்தா என்ற பிரிவினை பிற்காலத்தவர் வசதிக்காகப் போட்டுக்கொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான சிக்கல் சமையல். மூவரோ நால்வரோ பகிர்ந்துகொண்ட அறையில் அடுப்புக்கு இடமில்லை. இடம் இருந்தாலும் உடன் குடியிருக்க விட்டவர் அனுமதிப்பதில்லை. மெஸ் பிறந்தது இங்கேதான். மணீஸ் லஞ்ச் ஹோம் 1937, ராம் ஆஸ்ரய 1939, கஃபே மெட்ராஸ் 1940, ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942 என ஐந்தாண்டுகளுக்குள் இத்தனை கடைகள் ஒரே வட்டாரத்தில் தொடங்கப்பட்டன. தனியாக வந்த ஆண்கள் எவ்வளவு திரளாக இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இவற்றுள் பல துளு, கன்னடம், கொங்கணி பேசியவர்களால் நடத்தப்பட்டவை. ஊரில் தமிழனாகவோ பாலக்காட்டானாகவோ இருந்தவன் மாட்டுங்கா இலையில் அமர்ந்தபோது ‘தென்னிந்தியன்’ ஆனான். அந்த அடையாளம் விந்தியத்துக்குத் தெற்கே அன்றாட வாழ்வில் அவ்வளவாக வழங்காதது.

போர்க்காலம் இந்த ஏற்பாட்டைச் சோதித்தது. 1942இல் பர்மா வீழ்ந்ததும் அரிசி வரத்து குன்றியது. 1943 மே மாதம் பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கியது. மூன்று வேளையும் சோறு என்று பழகியவர்கள் கோதுமையோடு சமரசம் செய்துகொண்டார்கள். பம்பாய்த் தமிழ் வீடுகளில் இன்று இரவுக்குச் சப்பாத்தி என்பது எழுதப்படாத விதியாகியிருப்பதற்குப் பங்கீட்டு அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஊகிக்கலாம்.

அயல்நாட்டுக்குச் சென்ற மாணவர்களின் கதையும் உணவைச் சுற்றியே திரும்புவதைக் காணலாம். திருவிதாங்கூரிலிருந்து 1928இல் ஜப்பானுக்குச் சென்று கியோத்தோ பேரரசப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்ற ஏ. எம். நாயர், ராஷ் பிஹாரி போஸுடன் இணைந்து விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். போருக்குப் பின் 1949இல் தோக்கியோவின் கின்சாவில் அவர் ஓர் இந்திய உணவகம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. போஸும் 1927இல் ஷின்ஜுக்குவின் நாகமுராயாவில் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தியவர்தாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தோக்கியோவில் அந்த உணவகங்கள் அந்நாட்டவருக்குப் புதுச்சுவையை விற்றன. மாட்டுங்கா மெஸ் வந்தவனுக்கு அவனது பழைய சுவையையே விற்றது.

மாட்டுங்காவை விட்டு மத்திய ரயில்பாதையைக் கடந்தால் தாராவி. நடந்தே போய்விடும் தொலைவுதான். ஆனாலும் இரு தமிழர் கதைகளும் ஒரே நூலில் அரிதாகவே சந்திக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் இங்கு வந்தனர். நாடார்களும் வந்து சேர்ந்தனர். தனியே வந்த ஆண்கள் சேர்ந்து தங்கி உண்ட இடங்களுக்குப் ‘பொங்கல் வீடு’ என்று பெயர். பாய் விரிக்க இடம், இருவேளை உணவு, ஊர்ச்செய்தி, வேலைக்குத் தகவல் எல்லாம் அங்கே கிடைத்தன. கோவாவினர் தோபி தலாவ் பகுதியில் ஊர்வாரியாக நடத்திய ‘கூட்’ எனும் தங்குமிடங்களோடு இவற்றை ஒப்பிடுவது பயனுள்ளது. இரண்டிலும் ஊரே பிணையாக நின்றது.

மாட்டுங்காவிலும் பிணை தேவைப்பட்டது. ஆனால் அங்கே ஊர் என்ற சொல்லுக்குள் சாதி சற்று நாகரிகமாக ஒளிந்திருந்தது. காம்தேவியில் சாரஸ்வதர்கள் 1915இலேயே தமக்கெனக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அமைத்துக்கொண்ட நகரம் இது. மாட்டுங்கா அறைக்கு ‘நம்மவரா’ என்ற கேள்வியைத் தாண்ட வேண்டியிருந்தவனுக்கும் தாராவிப் பாய்க்கு ஊர்ப்பெயர் போதுமாயிருந்தவனுக்கும் வெளியார் வைத்த பெயர் ஒன்றே: மதராசி.

சுதந்திரத்துக்குப் பின் வாடகைக் கட்டுப்பாடு இந்த நிலவரத்தை உறையவைத்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய குடியிருப்பாளர் மிகக் குறைந்த வாடகையில் நிலைத்தனர். புதிதாக வருபவர் சாவிக்காகப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அத்தொகைக்குப் ‘பகடி’ என்று பெயர். தமிழில் அச்சொல்லுக்குக் கேலி என்று பொருள். வந்தவனுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கும். ஆகவே அடுத்த தலைமுறை செம்பூரை நோக்கி நகர்ந்தது. டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ஐம்பதுகளில் எழுந்தன. டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954இல் தேவ்னாருக்கு வந்தது. அணுசக்திப் பயிற்சிப் பள்ளி 1957இல் தொடங்கியது. நிறுவனமே விடுதி தந்ததால் இங்கு வந்த மாணவருக்கு ஊர்ப்பிணை தேவைப்படவில்லை. பெண்களும் தனியே வந்து படிக்கத் தங்குமிடம் கிடைத்தது. மெஸ்ஸும் பொங்கல் வீடும் ஆண்களின் உலகங்களாகவே இருந்தன என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

1966 ஜூனில் சிவசேனை தோன்றியது. அதற்கு முன்பே ‘மார்மிக்’ வார இதழ், அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டு வந்தது. லுங்கியை ஒழிக்கும் முழக்கம் தெருவுக்கு வந்தபோது உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. வந்தவனுக்கு அடைக்கலமாயிருந்த பெயர்ப்பலகையே அவனைக் காட்டிக்கொடுத்தது. மாட்டுங்காவின் குமாஸ்தாவும் தாராவியின் தொழிலாளியும் ஒரே வசையைக் கேட்டார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றிய எழுத்தில் முன்னவர் இழந்த வேலைவாய்ப்புகளே மிகுதியாகப் பேசப்படுகின்றன.

இந்தச் சமமின்மைக்குக் காரணம் ஆவணங்களின் இயல்பிலேயே உள்ளது. மாட்டுங்காவின் சங்கங்களும் சபைகளும் நிகழ்ச்சிக் குறிப்புகளையும் ஆண்டு மலர்களையும் விட்டுச்சென்றன. பொங்கல் வீட்டுக்குப் பற்று எழுதிய நோட்டு இருந்திருக்கும். அதை எந்த நூலகமும் சேர்க்கவில்லை. 2024இல் தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கி, கட்டடங்களுக்கு எண்கள் இடப்பட்டன. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டுவோருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது விதி. சான்று என்பது மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் போன்ற காகிதங்கள். பொது அறையில் பாய் அளவு இடத்தில் வாழ்ந்தவருக்குத் தனி ரசீது ஏது?